மாத ராத்திரிச் சாப்பாட்டுத் திட்டம்: சுவர்க் காலண்டரா, செயலியா?

நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு மாத ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே எழுதி வைக்க, பன்னிரண்டு தாள் மாதக் காலண்டரைவிட நல்ல சாதனம் இப்போதைக்கு இல்லை. பேப்ரிகா போன்ற சமையல் செயலி, கூகுள் காலண்டர், கூகுள் ஷீட்ஸ், சமையலறையில் மாட்டும் வெள்ளைப் பலகை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் இதுதான் தீர்ப்பு. விலை பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள். மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுத்தால் அதுவும் இல்லை.

காரணம் காகிதத்தின் மேல் உள்ள பாசம் இல்லை. தமிழ்நாட்டு வீட்டு ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது. ஒன்று, ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறதா, அது எத்தனை நாள் மாவு என்பது. இன்னொன்று, அன்றைக்கு என்ன நாள் என்பது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, ஏகாதசி, புரட்டாசி மாதம். சமையல் செயலிகள் பதார்த்தத்தில் தொடங்குகின்றன. நம் வீட்டில் பதார்த்தம் கடைசியில்தான் வரும்.

முதலில் காலண்டரைப் பற்றி. எல்லா மாதக் காலண்டரும் இதற்கு ஆகாது. ஆறு தாள் காலண்டரில் ஒரு பக்கத்தில் இரண்டு மாதம் அச்சாகியிருக்கும், கட்டத்தில் எழுத இடமே இருக்காது. மேல்பாதி முழுக்க சாமி படமும் கீழே கட்டங்களும் உள்ளது பூஜை அறைக்கு அழகு, திட்டத்துக்குப் போதாது. படம் இல்லாமல், பெரிய எண் போட்ட பன்னிரண்டு தாள் காலண்டரைக் கேளுங்கள். கட்டம் குறைந்தது நாலு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். திதி, நட்சத்திரம், தமிழ்த் தேதி எல்லாம் கட்டத்தின் மேல்பாதியோடு முடிந்து கீழ்ப்பாதி காலியாக இருக்க வேண்டும். நட்சத்திரம் முடியும் நேரம்வரை கட்டம் முழுக்க அச்சடித்த காலண்டர் பஞ்சாங்கம் பார்ப்பவருக்கு நல்லது, நமக்கு அதில் 'இட்லி' என்று எழுதக்கூட இடம் கிடைக்காது.

அடுத்தது காகிதம். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பென்சில் பிடிக்காது, ஜெல் பேனா கட்டைவிரல் பட்டதும் இழுவிவிடும். மேப்லித்தோ என்று சொல்லும் மங்கலான காகிதம் பென்சிலும் பிடிக்கும், அழித்தாலும் தாங்கும். கடையிலேயே ஒரு மூலையில் பென்சிலால் கோடு போட்டு, விரலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். 1973-ல் மும்பையில் மராத்தியில் தொடங்கிய காலநிர்ணய் இப்போது தமிழிலும் வருகிறது. விசேஷ நாள் விவரம் அதில் நிறைய. ஆனால் தாளின் பின்பக்கம் கட்டுரையும் சமையல் குறிப்பும் அச்சாகியிருப்பதால், பின்னால் மளிகைப் பட்டியல் எழுதும் வழக்கம் உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது.

கிழமை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. செயலிகளில் கிழமை மேலே இடமிருந்து வலமாக இருக்கும். நம் ஊர் மாதக் காலண்டர் பலவற்றில் கிழமை இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக, ஞாயிறு உச்சியில், சனி அடியில். மாதத்தின் எல்லா திங்கட்கிழமையும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். திங்கள் ராத்திரி சப்பாத்தி என்று வைத்திருந்தால், அதற்கு நாலு வாரமும் உருளைக்கிழங்கு குருமாவே எழுதிவிட்டீர்களா என்பது ஒரே பார்வையில் தெரியும். எந்தச் செயலியிலும் இவ்வளவு சுலபமாக இது தெரிவதில்லை. இந்த அமைப்பை விட்டு வேறு வாங்க வேண்டாம்.

இதே அமைப்பில் ஒரு சிக்கலும் உண்டு. ஐந்து பத்திக்குள் அடங்காத மாதம் வந்தால், மிஞ்சும் தேதிகளை முதல் பத்தியின் காலிக் கட்டங்களில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். 2026 ஆகஸ்ட் சனிக்கிழமை தொடங்குகிறது. 30 ஞாயிறும் 31 திங்களும் தாளின் தொடக்கத்தில், 1-ம் தேதிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். 2026 மே 31-ம் அப்படித்தான். மாதத் தொடக்கத்தில் திட்டம் எழுதும்போது அந்தக் கட்டங்களை முதல் வாரம் என்று நினைத்து நிரப்பிவிட்டால், கடைசி ஞாயிறு ராத்திரிக்குத் திட்டமே இருக்காது. எழுத உட்காரும் முன் அந்தக் கட்டங்களைச் சுற்றி வண்ணப் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள்.

இனி எழுதும் முறை. பெரும்பாலோர் 1-ம் தேதி கட்டத்தில் தொடங்கி, என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து முப்பது பதார்த்தம் எழுதுகிறார்கள். பத்தாம் தேதிக்குள் அது நின்றுவிடும். முப்பது பதார்த்தத்துக்கு முப்பது விதமாகச் சாமான் வாங்க வேண்டும், ஒரு நாள் தவறினால் வாங்கிய காய் வாடும், அடுத்த நாளும் தள்ளும். முதலில் எழுத வேண்டியது சாப்பாடே இல்லை. விரத நாள்களுக்கு வட்டம் போடுங்கள். கல்யாணம், ஊர்ப்பயணம், வீட்டில் ஆள் இல்லாத நாள், பிள்ளைகளின் பரீட்சை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தேதி தெரிந்தால் அதையும். அதன்பிறகு மாவு அரைக்கும் நாள். கட்டத்தின் இடது கீழ் மூலையில் 'மா' என்று எழுதி வட்டமிட்டால் போதும். சாப்பாட்டின் பெயரை எழுதுவது இதற்கெல்லாம் பிறகு.

மாவு எந்தக் கிழமை அரைப்பது? வழக்கமாக ஞாயிறு சாயங்காலம் என்பார்கள், விடுமுறை நாள் என்பதால். அசைவம் சாப்பிடும் வீட்டுக்கு அது தவறான நாள். ஞாயிறு மதியம் வைத்த ஆட்டுக்கறிக் குழம்போ கோழிக் குழம்போ மிஞ்சும். ராத்திரி அதற்கு இட்லியோ தோசையோ வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அன்றைக்குத்தான் மாவு இருக்காது. கடையில் பாக்கெட் மாவு வாங்குவார்கள், மறுநாள் வீட்டு மாவும் பொங்கி நிற்கும், இரண்டும் ஃபிரிட்ஜில் இடம் அடைக்கும். அரைப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள், வாரம் தானாக அமைந்துவிடும்.

நாலு பேருக்குக் கணக்கு இது. 200 கிராம் பிடிக்கும் டம்ளரில் இட்லி அரிசி நாலு, முழு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இரண்டு லிட்டர் கிரைண்டரில் உளுந்தையும் அரிசியையும் தனித்தனியாக அரைக்க இது சரியான அளவு. அரிசி நாலைந்து மணி நேரம் ஊற வேண்டும், உளுந்துக்கு இரண்டு மணி நேரம் போதும். உளுந்து அரை மணி, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. அரிசி இருபத்தைந்து நிமிடம், மெல்லிய ரவைப் பதம். கல்லுப்பு ஒன்றரை மேசைக்கரண்டி போட்டுக் கையால் கலக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ மாவு கிடைக்கும். ஒரு ராத்திரிக்குப் பதினாறு இட்லி என்றால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், பதினாலு தோசை என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், மீதி ஊத்தப்பத்துக்கோ குழிப்பணியாரத்துக்கோ. ஆக ஒரு முறை அரைத்தால் மூன்று ராத்திரி. காலைப் பலகாரமும் இதே மாவில்தான் என்றால் புதன்கிழமை இன்னொரு தடவை அரைத்தாக வேண்டும், அதற்கும் ஒரு 'மா' போடுங்கள்.

சனிக்கிழமை அரைப்பதில் இன்னொரு லாபம் அடை. பச்சரிசியோ இட்லி அரிசியோ ஒரு டம்ளர், கடலைப் பருப்பு அரை, துவரம் பருப்பு அரை, உளுந்து இரண்டு மேசைக்கரண்டி, வரமிளகாய் ஆறு. மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்க வேண்டியதில்லை. அதே கிரைண்டரில் உளுந்து, பிறகு அரிசி, கடைசியாக அடை என்ற வரிசையில் அரைத்தால் கல்லை ஒரு தடவை கழுவினால் போதும். வரிசை மாறினால் இட்லி மாவில் மிளகாயும் பெருங்காயமும் ஏறிவிடும், அதைக் கழுவி எடுப்பது பெரும் பாடு. அடை கொரகொரப்பாக இருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

வாரத்தின் சட்டகம் இப்படி வரும். சனி ராத்திரி அடை. ஞாயிறு இட்லி, மதியக் குழம்போடு. திங்கள் சப்பாத்தி, 400 கிராம் கோதுமை மாவில் பன்னிரண்டு பதின்மூன்று வரும். செவ்வாய் தோசை. புதன் காலி. வியாழன் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம், அதற்குள் மாவு லேசாகப் புளித்திருக்கும், வெங்காயமும் பச்சை மிளகாயும் அதற்குத்தான். வெள்ளி இடியாப்பம், அரை கிலோ மாவுக்கு ஒரு தேங்காய்ப் பால்.

புதனைக் காலியாக விடுவது சோம்பலால் இல்லை. மதியச் சோறு மிஞ்சினால் எலுமிச்சைச் சாதம், ஒன்றும் இல்லையென்றால் ரவை உப்புமா, வெளியே போனால் பரோட்டா. எல்லாவற்றையும்விட முக்கியம், செவ்வாய் தோசை ஏதோ காரணத்தால் நடக்கவில்லை என்றால் அது புதனுக்கு நகர இடம் வேண்டும். இரண்டு மாவு நாள்களுக்கு நடுவே ஒரு காலி நாள் இல்லாத திட்டத்தில், ஒரு நாள் தவறியதும் மாவு புளித்துக் கொட்டுவதில் முடிகிறது.

மாவு வியாழன்வரை தாங்க வேண்டுமே என்ற கவலைக்கு வழி உண்டு. சனி சாயங்காலமே மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிடுங்கள். இரண்டிலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பொங்கி வழியும். ஞாயிறு இட்லிக்கானது ஒன்று, மற்றது செவ்வாய்க்கும் வியாழனுக்கும். இரண்டாவது பாத்திரத்தைப் பொங்கியதும் கிளறாமல் அப்படியே ஃபிரிட்ஜின் உள்பக்கத் தட்டில் வைக்க வேண்டும், கதவுப் பக்கம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் முழுப் பாத்திரத்தை வெளியே எடுத்துக் கலக்கி மறுபடி உள்ளே வைப்பதுதான் மாவைப் பாழாக்குகிறது, தேவையானதை மட்டும் மொண்டுகொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், அதனால் ராத்திரி எட்டு மணிக்கு அரைத்தாலும் போதும். மார்கழியில் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் கேட்கும், நாலு மணிக்கே அரைத்து முடித்துவிட வேண்டும். காலண்டரில் டிசம்பர், ஜனவரித் தாள்களில் 'மா'வுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதி வைப்பது நல்லது.

இந்தச் சட்டகத்தின் மேல் வட்டம் போட்ட நாள்கள் வந்து விழும்போதுதான் காலண்டரின் அருமை தெரியும். வாரம் ஏழு நாளில் சுற்றுகிறது, அமாவாசை இருபத்தொன்பது அல்லது முப்பது நாளில், கிருத்திகை இருபத்தேழு நாளில். எனவே போன மாதத் திட்டத்தை அப்படியே இந்த மாதத்துக்கு நகல் எடுக்க முடியாது. ஏகாதசிக்கு அரிசி தள்ளுபவர்கள் வீட்டில் அது செவ்வாயில் வந்தால், தோசையைப் புதனுக்கு நகர்த்திவிட்டு ஏகாதசிக்கு ஜவ்வரிசிக் கிச்சடியோ கோதுமை ரவை உப்புமாவோ. அமாவாசை ராத்திரி பலகாரம்தான், வெங்காயம் பூண்டு கிடையாது. அது திங்களில் விழுந்தால் குருமா போடும் சப்பாத்தியையும் செவ்வாய்த் தோசையையும் இடம் மாற்றினால் போதும், தேங்காய்ச் சட்னியோடு முடிந்தது. அமாவாசை ஞாயிறில் விழுந்தால் மதியம் கறிக் குழம்பு இல்லை, ராத்திரி இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வேறு வேண்டும். புரட்டாசியில் எல்லா ஞாயிறும் இதே நிலை. பாசிப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட கும்பகோணம் கடப்பா அந்த மாதத்துக்கு ஏற்றது. அடுத்த ஞாயிறு வடைகறி, அதற்கடுத்தது சின்ன வெங்காயச் சாம்பார்.

புரட்டாசியைச் சொல்லும்போது காலண்டரின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். தாள் ஆங்கில மாதத்துக்கு. புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது, மார்கழி டிசம்பரிலும் ஜனவரியிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு தமிழ் மாத விரதத்தைத் திட்டமிட இரண்டு தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். எல்லைத் தேதியில் சிவப்புக் கோடு கிழித்து வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி தெரியவில்லை.

மளிகைக் கணக்குக்கு மாதத்தின் நாள்களை எண்ணாதீர்கள், 'மா' எத்தனை என்று எண்ணுங்கள். 2026 பிப்ரவரியில் சனிக்கிழமை நாலு, ஆகஸ்டில் ஐந்து. நாலு என்றால் இட்லிக்கு 3 கிலோ 200, அடைக்கு 800 கிராம், சேர்த்து இட்லி அரிசி நாலு கிலோ. உளுந்து 800 கிராம், அடைக்கும் தாளிக்கவும் சேர்த்து ஒரு கிலோ. கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் அடைக்கு மட்டும் 400 கிராம் வீதம், சாம்பாருக்கு வேண்டிய துவரம் பருப்பு தனி. ஐந்து சனி வந்தால் அரிசி ஐந்து கிலோ, உளுந்து ஒன்றேகால். தேங்காய் வாரத்துக்கு இரண்டு, சட்னிக்கு ஒன்று, வெள்ளிக்கிழமைப் பாலுக்கு ஒன்று. கடைசிச் சனிக்கிழமை அரைத்த மாவு அடுத்த மாதத் தாளுக்குப் போகும் என்பதால், புதுத் தாளைத் திருப்பும் முன் பழைய தாளின் கடைசி 'மா'வைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறியை மட்டும் மாதத்துக்கு எழுத வேண்டாம். கட்டத்தில் 'குருமா' என்று இருந்தால் போதும், பீன்ஸா காலிஃபிளவரா என்பது அந்த வாரச் சந்தையில் எது மலிவோ அதைப் பொறுத்தது.

செயலிகளுக்கு வருவோம். பேப்ரிகாவில் மாதப் பார்வை உண்டு, ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்கும், திட்டத்திலிருந்து மளிகைப் பட்டியலும் எடுத்துத் தரும். கோளாறு வருவது அந்தப் பட்டியலில்தான். இட்லி, தோசை, ஊத்தப்பம் மூன்றையும் தனித்தனிக் குறிப்பாக ஏற்றி மூன்று நாளில் போட்டால், அரிசியும் உளுந்தும் மூன்று தடவை பட்டியலில் ஏறிவிடும். 'மாவு' என்று ஒரு குறிப்பை நாலுக்கு ஒன்று அளவோடு எழுதிச் சனிக்கிழமையில் போடுங்கள், இட்லி தோசைக் குறிப்புகளில் அரிசி உளுந்தை எழுதாமல் எண்ணெயும் சட்னிச் சாமானும் மட்டும் வையுங்கள், கணக்கு நேராகும். வாரத்தில் மூன்று நாலு நாள் புதிதாக ஏதாவது சமைத்துப் பார்க்கும் வீட்டுக்கு இது நல்ல செயலி. மாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு வேலை அதிகம், பலன் குறைவு.

கூகுள் காலண்டர் இலவசம், வீட்டில் எல்லோர் கைபேசியிலும் தெரியும். நாலு வாரத்துக்கு ஒரு முறை திரும்ப வரும்படியும் போடலாம். திதிப்படி திரும்ப வரும்படி போட வழியில்லை, ஒவ்வொரு மாதமும் கையால்தான் ஏற்ற வேண்டும். மாதப் பார்வையில் கைபேசித் திரையில் கட்டத்துக்கு மூன்று நாலு எழுத்துதான் தெரியும். ஆனால் காகிதத்தால் முடியாத ஒன்றை இது செய்யும்: சரியான நேரத்தில் கூப்பிடும். சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு 'அரிசி ஊறப் போடு', ஒன்றரைக்கு 'உளுந்து, அடைப் பருப்பு' என்று இரண்டே நினைவூட்டலைப் போட்டு, வேலைக்குப் போகும் இருவர் கைபேசியிலும் அடிக்க விடுங்கள். யார் வீட்டில் இருந்தாலும் ஊறப் போட்டுவிடலாம். திட்டம் உடைவது பெரும்பாலும் அரைக்கும்போது இல்லை, ஊறப் போட மறக்கும்போதுதான்.

ஷீட்ஸ் கணக்குப் பிரியர்களுக்கு. ஏழு வரிசை, ஐந்து பத்தி போட்டு, கவுண்ட்இஃப் சூத்திரத்தால் 'மா'வை எண்ணி 800-ஆல் பெருக்கினால் இட்லி அரிசி வந்துவிடும். ராத்திரி ஏழு மணிக்கு அடுப்பு முன்னால் நின்றுகொண்டு யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

வெள்ளைப் பலகை அழித்து எழுத வசதி, ஒரு வாரத்துக்குச் சரி. மாதக் கணக்கில் எழுதிய மை பலகையில் ஊறிப்போய்க் கறையாக நிற்கும், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு வேறு சேரும். கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். விரத நாளைப் பார்க்க எப்படியும் பக்கத்தில் ஒரு காலண்டர் மாட்டத்தான் வேண்டும், பிறகு பலகை எதற்கு?

வாங்கும் காலத்தையும் சொல்லிவிடலாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள், ஆர்டர் கொடுத்த கடைகளுக்கு வருடக் கடைசியில் வந்து சேரும். டிசம்பரில் எழுதுபொருள் கடைகளில் பல ரகம் கிடைக்கும், இரண்டாக வாங்குங்கள், ஒன்று பால், கேஸ் கணக்குக்கு, ஒன்று சாப்பாட்டுக்கு மட்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் 'அரை லிட்டர்' எது, 'அடை' எது என்று தேட வேண்டிவரும். பொங்கல் கழிந்து தேடினால் பெரிய எண் ரகம் கிடைப்பது கஷ்டம். வருட நடுவில் தொடங்குபவர்கள் ஒரு சார்ட் பேப்பரில் ஏழு வரிசை, ஆறு பத்தி கோடு கிழித்து, வீட்டு தினசரிக் காலண்டரைப் பார்த்து அந்த மாத விரத நாள்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம். ஆறாவது பத்தி இருப்பதால் 30, 31-ஐத் தாளின் தொடக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தொல்லையும் இருக்காது.